மருந்து அடிக்காத வழி காட்டும் பெட்டி

1

ஓசூருக்கு வந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. மலேசியாவில், ஈப்போ வீட்டில் அம்மா காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார். என் கணவர் ரமேஷ் வட்டமெல்லாம் போடவில்லை. "ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சுட்ட. என்ன வேணுமோ கேளு" என்றார். புடவை, மிஞ்சிப் போனால் மைசூருக்கு ஒரு நடை என்று எதிர்பார்த்திருப்பார். வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டி வைக்கிற ஜிபிஎஸ் பெட்டி வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

ஈப்போவில் இருந்து இதைப் படிக்கும் நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள். கையில் இருக்கும் போனிலேயே வரைபடம் ஓடும் காலத்தில் அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அப்பாவின் லோரியில் முன்பு ஒன்று இருந்தது. இடப்பக்கம் திரும்பு என்பதை மலாயில் "பெலோக் கிரி" என்று அதட்டும். இப்போது அது எங்கள் ஸ்டோர் அறையில் பழைய மின்விசிறிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆனால் எனக்கு இங்கே அது தேவைப்பட்டதற்கு நீங்கள் கனவிலும் நினைக்க முடியாத ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. நம் கொள்ளுத்தாத்தாக்கள் இங்கிருந்து கப்பலேறி அங்கே வந்தார்கள். நான் அங்கிருந்து விமானமேறி இங்கே வந்தவள். பினாங்குத் தொழிற்சாலை ஒன்றுக்கு இயந்திரம் பொருத்த வந்த ரமேஷ், இயந்திரத்தைப் பொருத்தி, என்னைக் கட்டி, சில வருடம் அங்கேயே இருந்துவிட்டு என்னையும் கூட்டி வந்துவிட்டார். கூடவே எங்கள் மகள் யாழினி. வரும்போது அவளுக்கு மூன்று வயது. இப்போது அவள் கன்னடத்தில் எண்ணிக்கொண்டே கயிறு தாண்டுகிறாள், தெலுங்கில் கோபித்துக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அப்பாவை "நைனா" என்கிறாள். வீடியோ அழைப்பில் ஈப்போ அம்மா, "பிள்ளை நம்ம கையை விட்டுப் போகுதே" என்று அலுத்துக்கொண்டார். போகவில்லை அம்மா, அவளுக்குப் போவதற்கு நிறைய வீடுகள் கிடைத்துவிட்டன, அவ்வளவுதான்.

2

எனக்கோ போவதற்கு ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை. அதாவது தனியாக.

இந்த ஊரில் ஒரு பெண் செருப்பை மாட்டினால் "எங்க?" என்று கேட்க மாட்டார்கள். "கூட யாரு?" என்றுதான் கேட்பார்கள். சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் ஒருத்தர் கூட வருவார். பல் மருத்துவரிடம் போனால் இரண்டு பேர். அன்புதான், சந்தேகம் இல்லை. ஈப்போவில் பதினெட்டு வயதிலிருந்து அப்பாவின் லோரியையே பின்னால் எடுத்து நிறுத்தியவள் நான். அங்கேயும் இங்கேயும் சாலையில் இடதுபக்கம்தான். ஆனாலும் "அவளுக்கு வழி தெரியாதே" என்ற ஒரே வரியில் என்னை எப்போதும் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிடுவார்கள்.

ஓட்டுநர் உரிமம் வாங்கிய கதை தனி. முதலில் வெளிநாட்டவர் பதிவு, அப்புறம் முகவரிச் சான்று, அதற்கு ஒரு சான்று. விண்ணப்பத்தில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் ஈப்போ என்று எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாக, "அது சரிம்மா, தமிழ்நாட்டுல எது?" என்று கேட்டார். கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் கப்பலுக்குக் கிளம்பினார் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. பின்னால் நின்ற ரமேஷ் சளைக்காமல், தன் ஊரையே எடுத்து, "கெலமங்கலம்னு போடுங்க சார்" என்றார். மேசைக்காரர் சிரித்துக்கொண்டே, ஈப்போ என்றே இருக்கட்டும் என்றார். உரிமம் வந்தது. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

3

இனிமேல்தான் புழு வருகிறது. முகம் சுளிக்காதீர்கள், பட்டுப்புழு.

ரமேஷின் அக்கா சரோஜா, எனக்கும் அக்காதான், உத்தனப்பள்ளியிலிருந்து கெலமங்கலம் போகும் வழியில் இளம்புழு மையம் நடத்துகிறார். முட்டையிலிருந்து வந்த புழுக்களை இளசான மல்பெரி இலையை நறுக்கிப் போட்டு வளர்த்து, கொஞ்சம் தேறியதும் விவசாயிகளுக்குக் கொடுப்பது தொழில். யாழினி பள்ளிக்கூடம் போன பிறகு ரமேஷ் என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் கருவிகள் என் பொறுப்பு. டிப்ளமோ படித்தது வீண்போகவில்லை.

புழு வளரும்போது நடுநடுவே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். தூங்குகிறது என்பார்கள். தூங்கி எழுந்தால் தோலை உரித்துவிட்டுப் பசியோடு நிற்கும். இரண்டாவது தூக்கத்தில் இருக்கும்போதுதான் தட்டுகளில் வைத்து மெழுகுத்தாள் மூடி, வண்டியில் ஏற்றி, விவசாயியின் வீட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வழியிலேயே எழுந்துவிட்டால் பட்டினி. வெயில் ஏறினால் வாட்டம். ஆகவே விடிகாலையில்தான் வண்டி கிளம்பும்.

சிக்கல் என்னவென்றால், தக்காளிக்கும் ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் மருந்து அடிப்பதும் காற்று அசையாத அதே விடிகாலையில்தான். அந்த மருந்து ஒரு மூச்சு பட்டாலும் பட்டுப்புழுவுக்கு முடிந்தது கதை. சரோஜா அக்கா தினமும் சாயங்காலம் போனை எடுத்து, சாலையோரத் தோட்டக்காரர்களை வரிசையாகக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில மருந்து அடிக்கறீங்களா?" என்று கேட்பார். வானிலை அறிக்கை கேட்பதுபோல. அதை வைத்துத்தான் மறுநாள் வழி. இன்று போன வழி நாளைக்கு இல்லை.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சாதிக் அண்ணன் ஓசூரில் தொழிற்சாலைப் பேருந்துக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், ஞாயிறு விடுமுறை, போகாமல் என்ன செய்வார். சரியாக அந்த நேரம் பார்த்து நாட்றாம்பாளையத்திலிருந்து மாதம்மா கூப்பிட்டார். மலைமேல் புதிதாக மல்பெரி போட்டிருக்கும் சில குடும்பங்களுக்கு அவர்தான் முன்னோடி. போனமுறை வேறு எங்கோ வாங்கிய புழு வழியிலேயே எழுந்து, வந்து சேர்ந்தபோது பாதி செத்துக் கிடந்ததாம். ஒருமுறை உங்களிடம் வாங்கிப் பார்க்கிறோம், புழு தூக்கத்திலேயே வந்து சேர்ந்தால் எல்லா வீட்டுக்கும் இனி உங்களிடம்தான், இல்லாவிட்டால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு ராகிக்கே போய்விடுவோம் என்றார்.

நான் ஓட்டுகிறேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்து, "நானும் கூட வரேன்" என்றார். பாதி வெற்றி. ஆனால் வழி இருவருக்குமே தெரியாது. தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலைப்பாதையில் ஏறினால் போனில் சிக்னல் செத்துவிடும்.

4

ஓசூர் கடைக்காரரிடம் வண்டிக்கு ஜிபிஎஸ் என்றதும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சதுரத்தை எடுத்து வைத்தார். அதில் திரையே இல்லை. இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தால் வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குத் தெரியுமாம். எங்கே போக வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்றேன். "அது டிரைவருக்கே தெரியுமே மேடம். தெரியாதவரை ஏன் வேலைக்கு வெச்சீங்க?" என்று நியாயமாகக் கேட்டார். அந்த டிரைவர் நான்தான் என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

கடைசியில் பெங்களூருவில் ஒரு சந்துக் கடையில் மூன்று பெட்டிகள் அகப்பட்டன. ரமேஷ் யாழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு நகைக்கடையில் வந்ததே இல்லை.

வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள். திரை பெரிதாக இருப்பது பெருமைக்குச் சரி, எங்கள் வண்டி குட்டி யானை. இங்கே சின்ன சரக்கு வண்டிக்கு அதுதான் செல்லப்பெயர். அதன் கண்ணாடியில் பெரிய திரையை ஒட்டினால் பாதிச் சாலை மறைந்துவிடும். உள்ளங்கை அகலம் போதும். வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே எடுத்துப் போய்ப் பாருங்கள், டியூப்லைட்டில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். ஒட்டும் ரப்பரை ஒட்டிப் பிடுங்கிப் பாருங்கள், எங்கள் ஊர்ச் சாலைக்கு அது தாங்க வேண்டும். வரைபடம் முழுக்கப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், இணையத்தை எதிர்பார்க்கக் கூடாது. வரைபடத்தைப் புதுப்பிக்க வருடாவருடம் பணம் கேட்பார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் கேளுங்கள்.

இதெல்லாம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் தேடியது வேறு. வரைபடத்தில் நானே ஒரு கட்டம் வரைந்து, இதற்குள் போகாதே என்று சொல்ல முடியுமா? போனில் சுங்கச்சாவடியைத் தவிர்க்கலாம், நெடுஞ்சாலையைத் தவிர்க்கலாம். அக்கா வீட்டுக்குப் பக்கத்து நாராயணப்பாவின் தக்காளித் தோட்டத்தைத் தவிர்க்க முடியாது. கடைக்காரர், இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் நோண்டினார். நடுவில் இருந்த, பார்க்கச் சுமாரான பெட்டியில் அது இருந்தது. விரலால் இழுத்தால் சிவப்புக் கட்டம். அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழி போட்டுக் காட்டியது. கடையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். வாசலிலிருந்து ரமேஷ், "முடிஞ்சுதா?" என்றார். யாழினி தூங்கியிருந்தாள்.

5

நாட்றாம்பாளையத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம். ரமேஷும் யாழினியும் ஓசூரில். நான் அக்கா வீட்டில். அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கக் கேட்க, நான் பெட்டியில் கட்டம் வரைந்துகொண்டே வந்தேன். ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களில் நாளைக்கு மருந்து. ஒரு கட்டம். ஏரிக்கரைச் சாலையில் குடைமிளகாய்க்காரர் இன்றைக்கே அடித்துவிட்டார், வாடை நிற்கும். ஒரு கட்டம். நாராயணப்பா நாளை விடிகாலை தக்காளிக்கு. இன்னொரு கட்டம். நாட்றாம்பாளையம் என்று தட்டினேன். பெட்டி யோசித்தது. வழி கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

முதலில் சிரித்தேன். அக்கா வீட்டை நானே சிவப்புச் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கிறேன். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. தட்டுகளில் புழுக்கள் இரண்டாவது தூக்கத்துக்குத் தலையைத் தூக்க ஆரம்பித்துவிட்டன. நாளை மறுநாள் என்பது அவற்றுக்குக் கிடையாது.

மூன்றில் எந்தச் சுவரை இடிப்பது என்று பார்த்தோம். குடிலின் மேலாளர் பெங்களூருவில், போனை எடுக்க மாட்டார். ஏரிக்கரை வாடையை யாரும் எடுக்க முடியாது. மிச்சம் நாராயணப்பா. பெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவோடு அவர் வீட்டுக்கே நடந்தேன்.

அவர் களத்தில் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வண்டி தாண்டும்வரை மருந்தை நிறுத்தி வைக்க முடியுமா என்று அக்கா கேட்டார்.

"ஆளுங்க விடியறதுக்குள்ள டேங்கைத் தோள்ல மாட்டிக்கினு நிப்பாங்க. அவங்களை வரப்புல உக்கார வெச்சு நான் கதை சொல்லட்டுமா, சரோஜா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி தெலுங்கில் ஏதோ கேட்டார். இவர் தெலுங்கிலேயே பதில் சொல்லிவிட்டு, அடுக்கு சாய்ந்ததற்குக் கன்னடத்தில் ஒரு வசவையும் உதிர்த்துவிட்டு, தமிழுக்குத் திரும்பினார். நான் இடையில் புகுந்து பெட்டியை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுல என் தோட்டம் எது?"

"இந்தச் சிவப்புக் கட்டம்தான், ஐயா."

"சிவப்பா? என் தோட்டம் என்னா போலீஸ் ஸ்டேஷனா?"

எனக்குப் பதற்றம். பதற்றத்தில் ஈப்போ தானாக வாயில் வந்துவிடும். "ஆளுங்க பசியாறிட்டு அப்புறம் மருந்து அடிக்கட்டுமே" என்றேன். உங்களுக்குத் தெரியும், நமக்குக் காலைச் சாப்பாடு என்றாலே பசியாறுவதுதான். இங்கே அப்படி யாரும் சொல்வதில்லை. முதல் மாதம் மாமனாரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, யாரோ பெரிய சாமியாரிடம் பேசுவதுபோல இருக்கிறது என்று வீடே சிரித்தது. நாராயணப்பாவும் சிரித்துவிட்டார்.

"நீ எந்த ஊரும்மா?"

"மலேசியா."

"அதான் பேச்சு புஸ்தகம் மாதிரி இருக்குது. சரி, பசியாறட்டும். யாரு ஆத்தறது?"

வேலையாட்கள் எப்போதும் மருந்து அடித்து முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். அதை முன்னுக்கு மாற்றினால் யாருக்கும் நேரம் நஷ்டமில்லை, சோறு மட்டும் யாராவது கொண்டு வர வேண்டும். அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார். தானே ஆக்கிக் கொண்டுவந்து வரப்பிலேயே போடுவதாகச் சொன்னார், இட்லியும் சட்னியும்.

"இட்லி தின்னுட்டு எவன் டேங்கு சுமப்பான்? களி கிண்டு. அவரைக்கொட்டைக் குழம்பு வெச்சிடு."

"அவரைக்கு நான் எங்கண்ணா போவேன் இந்நேரத்துக்கு?"

"என் வூட்டுல இருக்குது, எடுத்துக்கினு போ. குழம்புல உப்பு கம்மியா இருந்தா மருந்து பம்பை ஆன் பண்ணிடுவேன், சொல்லிட்டேன்."

அவரையும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில்தான் அக்காவுக்கு உறைத்தது. களி கிண்டுகிறவர் வண்டியில் வர முடியாது. சாதிக் அண்ணனுக்குக் காலை ஷிப்ட். ரமேஷ் யாழினியை விட்டுவிட்டு வர முடியாது. அக்கா நடையை எட்டிப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் புழு அறைக்குள் போய் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அந்தப் பெட்டி மலைமேல பேசுமா?"

சிக்னல் இல்லாமலே பேசும் என்று காட்ட என் போனை முழுவதும் அணைத்துவிட்டு, நாராயணப்பாவின் கட்டத்தை அழித்தேன். பெட்டி அரை நொடிகூட யோசிக்கவில்லை. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று நீலக்கோடு ஓடியது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில தலைக்கு எண்ணெய் வைக்காத. பவுடர் போடாத. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏத்தாத, புழுவுக்கு ஆகாது" என்றார். சம்மதம் இப்படியும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

6

விடியும் நேரம் வண்டியை எடுத்தேன். பின்னால் தட்டுகள், முன்னால் நானும் பெட்டியும். நாராயணப்பாவின் ஆட்கள் டேங்குகளைக் கழற்றி வைத்துவிட்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா குனிந்து களி உருண்டைகளை வைத்துக்கொண்டு போனார். ஒருவர் களி உருண்டையைப் பிடித்த கையாலேயே எனக்கு டாட்டா காட்டினார். நாராயணப்பா எழுந்து நின்று சீக்கிரம் போ என்பதுபோலக் கையை வீசினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மூச்சைக்கூட அளவாக விட்டுக்கொண்டு தாண்டினேன்.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காடு. போன் தன் கோடுகளை ஒவ்வொன்றாக இழந்து, கடைசியில் வெறும் கடிகாரமாகிவிட்டது. பெட்டி மட்டும் சலிக்காமல் பேசிக்கொண்டே வந்தது. கூர்மையான வளைவு வரப்போகிறது என்று ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் முன்னால் சொன்னது. சாலையில் ஓரிடத்தில் யானைச் சாணம், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் பெட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. குட்டி யானையை மெதுவாக, மரியாதையாக ஓரம் ஒதுக்கி எடுத்துப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஈப்போவில் முதல்முதலாக அப்பா இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறிய அன்று வந்த அதே சந்தோஷமும் கூடவே வந்தது.

நாட்றாம்பாளையத்தில் மாதம்மா வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வேறு யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தார். யாரும் இறங்கவில்லை. கிருமி உள்ளே வராமல் இருக்க வாசலில் பரப்பியிருந்த சுண்ணாம்பில் காலை மிதித்து வரச் சொல்லி, என் பக்கத்தில் வந்து ஒருமுறை முகர்ந்து பார்த்தார். எந்த வாசமும் இல்லை. அப்புறம்தான் தட்டைத் தொட விட்டார்.

மெழுகுத்தாளை ஒரு மூலையிலிருந்து உரித்தார். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத் தைரியமில்லை. அவர் ஒவ்வொரு தட்டாகத் திறந்து, குனிந்து, மூடினார். பின்னால் நின்ற அவர் மகன்களிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் தூங்கிக்கினுதான் கீது. மலை ஏறினதே இதுங்களுக்குத் தெரியல."

அடுத்தமுறை நாலு வீட்டுக்கு வேண்டும் என்று சரோஜாவிடம் சொல்லச் சொன்னார். ராகிக் கூழ் கொடுத்தார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

திரும்பும்போது வண்டியில் உயிர் எதுவும் இல்லை. எவர் மருந்து அடித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஓரமாக நிறுத்தி, பெட்டியில் மிச்சமிருந்த சிவப்புக் கட்டங்களையும் அழித்தேன். திரை முழுக்கச் சாலைகளாகத் திறந்துகொண்டது. எதில் வேண்டுமானாலும் போகலாம். இந்த நாட்டில் இப்படி ஒரு காலைப்பொழுது எனக்கு இதுவே முதல்முறை.

அஞ்செட்டி வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. உடனே அடித்தது. அக்கா.

புழு தூக்கத்திலேயே சேர்ந்துவிட்டது, நாலு வீட்டுக்கு ஆர்டர் என்றேன். மறுமுனையில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"கெலமங்கலத்துல நிறுத்தி ராகி மாவு வாங்கிக்கினு வா. நாராயணப்பா ஆளுங்க குண்டானையே வழிச்சிட்டாங்க."

"எவ்வளவு அக்கா?"

"பெரிய மூட்டையாவே வாங்கு. அடுத்த வாரமும் நீதானே வண்டி எடுக்கப்போற, நான்தானே களி கிண்டணும்."